நான்கு நிமிடம் ஐம்பது விநாடி

அன்று காலை ஏழரை மணிக்கு ஷெட்டில் இருந்தவர்கள்:

லாம்பிஸ், ஐம்பத்தேழு வயது. டிராம் பணிமனையில் மெக்கானிக். பன்னிரண்டு குளிர்காலங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஓடியவர்.

கார்த், பிளம்பர். எங்களில் அதிக வேகம். போன ஆண்டு ஜெயித்த சாவி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

துயி, பல் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் ஓட்டக் குழுவில் சேர்ந்து பதினான்கு மாதம்.

மெரின், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எங்கள் செயலாளர். எல்லோரையும்விட மெதுவாக ஓடுபவர், எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுபவர்.

மெரினின் நாய். பெயர் பட்டன். ஓடாது.

இன்னும் பதினொரு பேர். இந்தக் கதையில் அவர்களால் எதுவும் நடக்கவில்லை.

நான். லாக்கி என்று கூப்பிடுவார்கள். ஓட்டத்தில் யார் எப்போது கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிறவன்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. மெல்பர்ன் வடக்கில் மெர்ரி ஓடையின் கரையில் எங்கள் ஷெட். முந்தின இரவு மழை. கதவு ஊறி உப்பியிருந்ததால் தோளால் இடித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே ஈரக் காலுறை நாற்றமும் மெரின் போட்ட தேநீரின் ஆவியும்.

எங்கள் சுற்று ஆறு கிலோமீட்டர். ஷெட்டிலிருந்து மேற்குக் கரையோடு இறங்கி, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கீழ் நடைபாலத்தில் ஓடையைக் கடக்க வேண்டும். கடந்ததும் ஒரு செங்குத்தான கருங்கல் ஏற்றம். அதன் உச்சியில் ஒரு பெஞ்சு. பிறகு கிழக்குக் கரையோடு திரும்பி, மேல் பாலத்தைத் தாண்டினால் மறுபடி ஷெட். வெள்ளம் வந்துபோன பிறகு மரக்கிளைகளில் பிளாஸ்டிக் பைகள் ஆள் உயரத்துக்கு மேலே தொங்கும். அவற்றை யாரும் எடுப்பதில்லை. நாங்களும் எடுத்ததில்லை.

மாதம் ஒரு போட்டி. மெதுவாக ஓடுகிறவர் முதலில் கிளம்புவார், வேகமானவர் கடைசியில். ஒவ்வொருவருடைய கடைசி ஓட்ட நேரத்தை வைத்து, எல்லோரும் சரியாக எட்டரை மணிக்குக் கோட்டைத் தொடும்படி நான் சலுகை நிமிடம் போடுவேன். போன தடவை ஓடிய அதே வேகத்தில் ஓடினால் எட்டரைக்கு வருவீர்கள். அதைவிட நன்றாக ஓடினால் முன்னால் வருவீர்கள். ஆகஸ்ட் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடையாது, ஷெட்டின் சாவிதான். பழைய பித்தளைச் சாவி, பூட் லேஸில் கோத்தது. ஒரு வருடம் முழுக்க ஷெட்டை அவர்தான் முதலில் திறக்க வேண்டும், அவர்தான் கடைசியில் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் வாசலில் நின்று "உள்ள யாரு?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு வேலை. எங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

லாம்பிஸுக்கு அந்தச் சாவி வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். போன வருடம் கார்த் அவரை நான்கு விநாடி வித்தியாசத்தில் முந்தினார். அன்று லாம்பிஸ் கார்த்தின் கையைக் குலுக்கிவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இந்தக் குளிர்காலத்தில் அவருடைய நேரங்கள் இவை. ஏப்ரலில் இருபத்தெட்டு ஐம்பது. மே மாதம் இருபத்தொன்பது நாற்பது. ஜூனில் முப்பத்தொன்று பத்து. ஜூலையில் முப்பத்து மூன்று நிமிடம் ஐந்து விநாடி. கார்த் இருபத்து நான்கு நிமிடத்தில் ஓடுவார். ஜூலை நேரப்படி, லாம்பிஸ் அவருக்கு ஒன்பது நிமிடம் ஐந்து விநாடி முன்னால் கிளம்ப வேண்டும்.

இப்படிப்பட்ட ஓட்டங்கள் உள்ள இடத்திலெல்லாம் ஒரு திருட்டும் இருக்கும். நாங்கள் அதைப் பதுங்கல் என்போம். பெரிய போட்டிக்கு முந்தைய மாதங்களில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, சலுகை நிமிடத்தை ஏற்றிக்கொண்டு, அந்த நாளில் உண்மையான வேகத்தில் ஓடி ஜெயிப்பது. பதுங்குகிறவர்களுக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு. அதில் மிகப் பழையது, நடுவழியில் குனிந்து ஷூ கயிறு கட்டுவது.

லாம்பிஸ் கட்டினார். ஜூனில் கருங்கல் ஏற்றத்தில் அவருக்குப் பின்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பெஞ்சுக்குப் பத்தடி முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜூலையில் கார்த் பார்த்தார். அதே இடம். அதே கால்.

"கெழவன் பதுங்குறான்யா," என்றார் கார்த். "ஒரு நிமிஷம் முழுசா உக்காந்திருந்தான். நான் தாண்டிப் போறப்ப நிமிர்ந்துகூடப் பாக்கல. வெக்கம் இருக்கும்ல."

"லாம்பிஸா? சும்மா இரு," என்றார் மெரின்.

"நீ வேணா லாக்கிகிட்ட கேளு. நம்பர் பொய் சொல்லாது."

நம்பர் என்னிடம்தான் இருந்தது. அப்போது நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டைப் பெட்டிமேல் தாளை விரித்து எல்லோருடைய நேரத்தையும் எழுதுவேன். பல்கலைக்கழகத்தில் கணிதத்தைப் பாதியில் விட்டவன் நான். பாதியில் விடாமல் நான் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் இந்தத் தாள்தான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. நான்கு மாதத்தில் நாலேகால் நிமிடம் சரிவது இயல்பில்லை என்று கணக்கு சொன்னது. ஏன் என்று அது சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. லாம்பிஸுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஆட்களிடம் பேசுவதைவிட எண்களோடு இருப்பது எனக்குச் சுலபம்.

பதுங்குவதாகச் சந்தேகம் வந்தால் பழைய நேரத்தை வைத்தே சலுகை போட எனக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை இரவு லாம்பிஸின் பெயருக்கு எதிரே ஏப்ரல் கணக்கை எழுதினேன். நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. ஒருவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

காலையில் தாளைச் சுவரில் குத்தினேன். எல்லோரும் மொய்த்தார்கள்.

"எனக்குப் பதினேழு நிமிஷமா?" என்றார் மெரின். "போன தடவையும் இதேதானே. என்னைப் பாத்தா உனக்கு என்ன ஆமை மாதிரியா இருக்கு?"

"ஆமை கோவிச்சுக்கும்," என்றார் கார்த்.

"உன் வாயில சோப்புப் போட்டுக் கழுவணும்டா. என் வகுப்புல இருந்திருந்தா கழுவியிருப்பேன்."

துயி தன் பெயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கார்த் விரலால் தாளில் மேலிருந்து கீழே வந்தார். லாம்பிஸின் பெயரில் விரல் நின்றது. ஒரு விசில் அடித்தார்.

"நாலு அம்பது! அடேங்கப்பா. இன்னிக்கு யாரும் கயிறு கட்ட நேரமிருக்காது போல."

சிலர் சிரித்தார்கள். லாம்பிஸ் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லாக்கி. கொஞ்சம் வெளிய வா."

ஷெட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனோம். ஓடை பழுப்பாக, சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மார்பில் பன்னிரண்டாம் எண் துணி, நான்கு ஊக்குகளால் குத்தியிருந்தது.

"நாலு அம்பதா?"

"ஏப்ரல்ல அப்படித்தானே ஓடின."

"இப்ப ஆகஸ்ட்டு."

"நாலு மாசத்துல நாலேகால் நிமிஷம் யாருக்கும் ஏறாது, லாம்பிஸ். வேணும்னு ஏத்தினாலொழிய."

அவர் வலது காலை முன்னால் நீட்டினார்.

"டேய், இதப் பாரு. ரெட்டை முடிச்சு. பன்னெண்டு வருஷமா இப்படித்தான் கட்டுறேன். என்னிக்காவது அவிழ்ந்து பாத்திருக்கியா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவிழாத கயிறை எதுக்குக் கட்டின?"

"அதைக் கேக்க உனக்கு ஆகஸ்ட்டு ஆச்சா?"

அவர் எண் துணிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க. அந்த ஏத்தத்துல வந்ததும். டிராமைக் கொண்டுவந்து மேல நிறுத்தின மாதிரி. முழங்கால் போட்டுக் குனிஞ்சா கொஞ்சம் விடும். அறுபது எண்ணுவேன். போயிடும். அப்புறம் ஓடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"மே."

"வூலாவுக்குத் தெரியுமா?" வூலா அவர் மனைவி.

"தெரிஞ்சா நான் இங்க நிப்பேனா? அவ அப்பனை, நெஞ்சு வலின்னு அவ அம்மா எட்டு வருஷம் ஜன்னலோரமா போர்வை போத்தி உக்கார வச்சிருந்தா. அந்த நாற்காலி இன்னும் எங்க வீட்ல இருக்கு. வூலா தூக்கிப் போட விட மாட்டா."

"டாக்டர்?"

"திங்கக்கிழமை காலைல. சீட்டு வாங்கிட்டேன். நிஜமா. இன்னிக்கு ஓடிட்டுத் திங்கக்கிழமை போறேன். அப்புறம் அவங்க என்னை ஓட விடமாட்டாங்கன்னு எனக்கே தெரியும். இது கடைசி."

நெவிலின் பெஞ்சு என் நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் அந்த ஏற்றத்தில் விழுந்தவர் நெவில். பின்னால் ஓடிவந்த லாம்பிஸ்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை பத்தொன்பது நிமிடம் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். பிழைக்கவில்லை. உச்சியில் இருப்பது அவர் நினைவாக நாங்கள் போட்ட பெஞ்சு. அடுத்த கூட்டத்தில் லாம்பிஸ் எழுந்து ஒரு விதி எழுதச் சொன்னார். நெஞ்சில் வலி என்று யாராவது சொன்னால், மருத்துவர் கடிதம் வரும்வரை அந்த ஆளுக்கு எண் கொடுக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

"விதி நீ எழுத வச்சது," என்றேன்.

"தெரியும். அதான் இதை லாக்கிகிட்ட சொல்றேன். சலுகை போடுறவன்கிட்ட சொல்லல."

"ரெண்டும் ஒரே ஆளுதான்."

"நாலு அம்பதே இருக்கட்டும்டா. நான் மாத்தச் சொல்லல. ஜெயிக்க மாட்டேன், தெரியும். கார்த் என்ன வேணா கத்தட்டும். நீ அப்படி நெனச்சதுதான் பொறுக்கல. அதுக்காகத்தான் சொன்னேன். சொல்லிட்டேன். இப்ப விடு."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஓடியிருக்கலாம், திருடன் என்ற பேரோடு. வாயைத் திறந்ததால் பேர் நிமிர்ந்தது, ஓட்டம் போனது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும் என்று என்னை நம்பிச் சொல்லிவிட்டார்.

நான் கையை நீட்டினேன். "நம்பரைக் குடு."

"லாக்கி."

"குடு."

அவர் கொடுக்கவில்லை. நானே கிட்டே போய் முதல் ஊக்கைக் கழற்றினேன். தடுக்கவில்லை. தையற்காரர் முன்னால் நிற்பவரைப் போலக் கைகளைக் கொஞ்சம் விரித்து, ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு ஊக்குகள். கடைசி ஊக்கு துருவேறி மாட்டிக்கொண்டது. என் விரல்களுக்கு அடியில் அவருடைய இதயம் அடிப்பது தெரிந்தது. எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. அதில் எனக்கு எதுவும் தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே. கார் இருக்கு."

"ஓட்டம் முடியட்டும். ஓடாதவன் வாட்ச் பிடிக்கணும். அதுவும் விதிதான்." பிறகு சொன்னார், "அவங்ககிட்ட ஏன்னு சொல்லாதே. வூலா காதுக்கு நான்தான் கொண்டுபோகணும். மெரின் மூலமா போகக் கூடாது."

உள்ளே வந்தோம். என் கையில் எண் துணி இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"லாம்பிஸ் ஓடல," என்றேன்.

"ஏன்?" என்றார் மெரின்.

நான் வாயைத் திறப்பதற்குள் கார்த் கைதட்டினார். "பிடிச்சிட்டான்யா! நம்ம லாக்கி புலியப் பிடிச்சிட்டான்!"

மெரின் லாம்பிஸைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார். சொல்லியே ஆக வேண்டும் என்று நான் அந்த நொடியில் முடிவெடுத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

லாம்பிஸ் தலையை ஆட்டினார். "ஆமா," என்றார். "பிடிச்சிட்டான்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கார்த்கூட. பட்டன் மட்டும் எழுந்து போய் லாம்பிஸின் ஷூவை முகர்ந்துவிட்டு வந்து படுத்தது.

ஏழு மணி நாற்பத்தொன்பதுக்கு மெரின் கிளம்பினார். ஒவ்வொருவராகப் பனிக்குள் போனார்கள். எட்டு ஆறுக்குக் கார்த். பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் நானும் லாம்பிஸும் மட்டும், ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச்சோடு. ஆகஸ்ட் போட்டியில் சலுகை போடுகிறவன் ஓடுவதில்லை. அவர் தலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் மனதில் சுற்று ஓடிக்கொண்டிருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. ரயில் பாலம். நடைபாலம். ஏற்றம். அங்கே வந்தபோது கண்ணை மூடினார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

சேறு எல்லோரையும் இழுத்திருந்தது. எட்டரை ஆயிற்று. பாலத்தில் யாரும் இல்லை. பிறகு துயி, முழங்கால்வரை சேறாக, அவளுக்குப் பின்னால் இருபதடியில் கார்த். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி ஓடி ஷெட்டின் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

எட்டு முப்பது, பதினொரு விநாடி.

ஜூலையில் ஓடியதைப் போல ஓடி, அதற்குரிய சலுகையும் கிடைத்திருந்தால், லாம்பிஸ் எட்டரைக்கு வந்திருப்பார். சேற்றில் அவரால் அப்படி ஓடியிருக்க முடியுமா, அந்த ஏற்றத்தில் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

கார்த் மூச்சு வாங்கிக்கொண்டே கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் துயியின் கழுத்தில் போட்டார். "என்னைவிட வேகமாத் தெறக்கப் பழகு. மழைன்னா தோள் குடுக்கணும்."

"உங்க தோளையே கழட்டிக் குடுத்துட்டுப் போங்க," என்றாள் துயி. எல்லோரும் கைதட்டினார்கள். லாம்பிஸும் தட்டினார். அவள் கையைக் குலுக்கினார்.

லாம்பிஸ் என் காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். முதல் சிவப்பு விளக்கில் சொன்னார்.

"பதினொரு செகண்ட்."

"ஆமா," என்றேன்.

அவசரப் பிரிவில் அவரை வீட்டுக்கு விடவில்லை. மூன்று ரத்தக்குழாய்கள் அடைபட்டிருந்தன. அன்று அந்த ஏற்றத்தில் ஓடியிருந்தால் இன்னொரு பெஞ்சு போட வேண்டியிருக்கும் என்று இளம் மருத்துவர் ஒருவர் அவரிடமே சொன்னாராம். பெஞ்சு பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? லாம்பிஸ் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறந்தார்கள்.

புதன்கிழமை வூலா எனக்குப் போன் செய்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மே மாசமே உன் தாள்ல இருந்துச்சாமே," என்றாள்.

"நேரம் இருந்துச்சு. காரணம் இல்ல."

"நீ என்ன செஞ்ச அதை வச்சு?"

என்ன செய்தேன் என்று சொன்னேன். மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கார்த் ஒரு பானை பட்டாணி சூப் செய்து எடுத்துக்கொண்டு போனார். "வூலாதான் கதவைத் தெறந்தா. அவர் தூங்குறாருன்னா," என்று வந்து சொன்னார். "உள்ள ஃபுட்பால் ஸ்கோர் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. யார்றா தூக்கத்துல ஸ்கோர் கேப்பான்?" அந்தச் சனிக்கிழமை அவர் ஓடவில்லை.

நான் எழுதிய தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு நோயாளியின் கதை நேராக எழுதியிருந்தது. அதை ஒரு திருடனின் கதையாக வாசித்தவன் நான். இரவில் ஆறு வருடம் தனியாக நின்றால் மூளை இப்படித்தான் ஆகும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இரவு வேலையை விட்டேன். மூளை அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை லாம்பிஸ் வந்தார்.

மேக்பை பறவைகள் முட்டைக்குக் காவலிருந்து தலையில் பாய்ந்து கொத்தும் மாதம். சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு முள்ளம்பன்றி போலப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும் நேரம் பார்த்து வந்தார். மெலிந்திருந்தார். சட்டைக் காலருக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது.

"ஐயோ பாருடா, என்ன ஒல்லியாயிட்ட!" என்று மெரின் கட்டிக்கொண்டார். "வூலா சோறு போடலையா?"

"போடுறா. உப்பில்லாம."

"அதுக்கு என் சமையலே தேவலாம்."

"அவ்வளவு மோசம் இல்ல."

கார்த் எழுந்து நின்றார். லாம்பிஸே போய்க் கையை நீட்டினார். "சூப் நல்லாருந்துச்சு," என்றார். கார்த் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் என்னிடம் வந்து சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மருத்துவர் கடிதம். இப்போது நடக்கலாம், கிறிஸ்துமஸுக்குப் பிறகு மெதுவாக ஓடலாம் என்று எழுதியிருந்தது.

"ஃபைல்ல வை. விதி இருக்குல்ல."

"அப்ப வர்றியா?"

நான் சுவரைக் காட்டினேன். அடுத்த மாதத்துத் தாளை அங்கே குத்தியிருந்தேன். மேலே முதல் பெயர் அவருடையது. கார்த்துக்கு முப்பத்தாறு நிமிடம் முன்னால். நடந்தே வந்தாலும் எட்டரைக்கு வரலாம். அந்த எண்ணை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எதை வச்சுப் போட்ட?"

"தோராயமா."

"பன்னெண்டு வருஷத்து நேரம் மொத்தமும் உன் கையில இருந்துச்சு. அதை வச்சு என்னை நம்பல. இப்ப ஒண்ணுமே இல்லாம முப்பத்தாறு நிமிஷம் தூக்கிக் குடுக்குற."

"தப்புதான், லாம்பிஸ். அன்னிக்கு நான் செஞ்சது தப்பு."

"எது? நம்பரைக் கழட்டினதா?"

"அது இல்ல."

"அது இல்லதான். அதனாலதான் நான் உசுரோட இருக்கேன். தினம் ராத்திரி அதை நெனச்சுக்கிறேன்." அவர் குரல் உயரவில்லை. "கார்த் வாய்க்கு வந்ததைப் பேசுவான், எல்லாருக்கும் தெரியும். நீ பேச மாட்ட. நீ எழுதுவ. நீ எழுதினா இங்க இருக்கிற எல்லாருக்கும் அதுதான் நெஜம். எனக்கும்தான். நாலு அம்பதைப் பாத்தப்ப ஒரு நிமிஷம் நானே யோசிச்சேன், நான் பதுங்குறேனோன்னு."

மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். தன் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். நேரான கோடு, அளவுகோல் இல்லாமல்.

"நான் ஓடுவேன்," என்றார். "ஓடை எல்லாருக்கும் பொதுதானே. வாட்ச் இல்லாம ஓடப்போறேன்."

சுவரோரம் அவருடைய கொக்கியில் பழைய ஷூ ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட்டில் விட்டுப்போனது. கயிறுகள் இரட்டை முடிச்சோடு காய்ந்திருந்தன. எல்லோரும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மெரின் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டனை இழுத்துக்கொண்டு போனார். நான் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு வெளியே வந்து படியருகே நின்றேன். அவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, கொக்கியிலிருந்து எடுத்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோனதால் நகத்தால் கிண்ட வேண்டியிருந்தது.

துயி சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவர் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வழக்கத்தை விட முடியாது.

"உள்ள யாரு?"

உள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"உள்ள யாரு?"

ஷூவைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. உலர்ந்த சேறு உதிர்ந்தது.

"உள்ள யாரு?" என்று மூன்றாவது தடவை கேட்டாள், மெதுவாக. "அவசரம் இல்ல லாம்பிஸ். நீங்க வாங்க, நான் நிக்கிறேன்."

"நான்தான்மா. வந்துட்டேன்."

ஷூவை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டி, பாதையில் இறங்கி, மேல் பாலத்தின் பக்கமாக நடந்தார். நாங்கள் ஓடும் திசைக்கு எதிர்த்திசை அது. துயி கதவை இழுத்தாள். அது உப்பிப்போய் முக்கால்வாசியில் நின்றது. தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தாள். கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்தது. சாவியை இரண்டு சுற்று சுற்றினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.